ரிப்பன் தைக்கும் இடம்

பெற்ற மகளின் காலை அம்மாவே உடைத்துவிட்டாளாம். இப்படித்தான் அந்தச் சேதி என்னிடம் வந்து சேர்ந்தது. சொன்னவர் மருந்துக்கடைக்காரம்மா. அவருக்குச் சொன்னது இருமல் மருந்து வாங்க வந்த யாரோ. அந்த யாரோவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெருவுக்கே தெரியுமே. நீங்க புதுசு, அதான்" என்றார்.

"எந்த அம்மா?"

"உங்க கட்டிடத்துக்குக் கீழ கடை வச்சிருக்காங்களே, குண்டூசியம்மா, அவங்கதான். பொண்ணு பாலே ஆடிட்டிருந்தா. பெரிய ஸ்கூல்ல தங்கிப் படிக்கப் போகவேண்டிய பொண்ணு. அம்மாக்காரி காலை ஒடச்சு வீட்ல உட்கார வச்சுட்டா."

"ஒடச்சான்னா, எப்படி?"

"எப்படின்னா? ஒடச்சா, அவ்வளவுதான். இந்த மாத்திரை சாப்பிட்டப்புறம் போடுங்க, வெறும் வயித்துல போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க."

ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு அக்கம்பக்கத்து வதந்திதான் முதல் செய்தித்தாள். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பிடிபடவே நாளாகும். போதாததற்கு அந்த வாரம்தான் என் மகளை, அந்தப் பெண் ஆடிப் பழகிய அதே நடனப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறும்போது, கீழ்க்கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். மெலிந்த, நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் முழங்காலிட்டு, மரப்பெட்டியின் மேல் நிற்கும் ஒருவரின் கால்சட்டை விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். காலை உடைக்கிறவர் போலத் தெரியவில்லை. உடைக்கிறவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

அந்தக் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, பழுதான ஜிப்பை மாற்றுவது, திரைச்சீலையைச் சன்னலுக்கு ஏற்ற மாதிரி வெட்டுவது, இவ்வளவுதான். ஒரு தையல் மெஷின், நீராவி இஸ்திரிப்பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, வாடிக்கையாளர் ஏறி நிற்க அந்த மரப்பெட்டி. வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். அப்போது ஏதாவது கேட்டால் புருவத்தால் பதில் சொல்வார். தெரியாதவர்கள் திமிர் என்பார்கள். தெரிந்தவர்கள் வைத்த பெயர்தான் குண்டூசியம்மா.

என் மகளின் நடனக் காலணியில் எலாஸ்டிக் தைக்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் போடும் மெல்லிய தோல் காலணி. அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்ததும் அவர் மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த ஊசிகளை எடுத்து, சட்டைக் கைமேல் வரிசையாகக் குத்திக்கொண்டார்.

"யாரு ஆடப்போறா?"

"என் பொண்ணு."

"அவளுக்குப் பிடிச்சிருக்கா, உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"அவளுக்குத்தான்."

"அப்படின்னா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, காலணியைத் தொடாமல் கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தார்.

அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் இது. விட்டுப்போன இடங்களை அவர் கணவர் நிரப்பினார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், வாய் ஓயாதவர். மதியச் சாப்பாட்டுக்குக் கருவிப்பையோடு கடைக்கே வந்துவிடுவார்.

மகளுக்கு அவர்தான் கொக்கு என்று பெயர் வைத்தார். பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக்காலில் நிற்பாளாம். நடனப் பள்ளியில் சேர்த்து ஒரு வருடத்துக்குள் டீச்சர் இவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தப் பொண்ணு விளையாட்டுக்கு ஆடலை. நீங்களும் விளையாட்டா எடுத்துக்காதீங்க." அன்றிலிருந்து வீட்டின் நேரம் கொக்கின் நேரமானது. பழைய அச்சகத்தின் மாடியில் வகுப்பு. அம்மாக்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். குண்டூசியம்மாவும் மடியில் யாருடைய கால்சட்டையையாவது வைத்து விளிம்பு தைத்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் வாளியில் ஐஸ் போட்டு அதில் கொக்கின் காலை வைக்க வேண்டும். ஒரு முடிகூடப் பிரியாமல் கொண்டை போட வேண்டும். ஊருக்குப் போவது, சினிமாவுக்குப் போவது எல்லாம் மெல்ல நின்றுபோயின. யாரும் நிறுத்தவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளித் தள்ளி அப்படியே போய்விட்டது.

பிறகு பாயிண்ட் ஷூ வந்தது. விரல் நுனியில் எழுந்து நிற்பதற்கான காலணி. வெளியே வழவழவென்று சாட்டின், முனையில் கல் மாதிரி கெட்டி. அதை ரிப்பன் இல்லாமல்தான் விற்பார்கள். அவரவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். குண்டூசியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மற்ற அம்மாக்கள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும்போது, இவர் மெஷினில் வைத்து நேர்கோடாக இரட்டைத் தையல் போட்டு அனுப்பினார். டீச்சர் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகாத் தச்சிருக்கீங்க" என்றார். "பிரிங்க."

படிக்கட்டே சிரித்ததாம். காலணியின் வாய்ப்பக்கம் ஒரு மெல்லிய சுருக்குக்கயிறு ஓடும். அதை இழுத்துத்தான் காலுக்குப் பொருத்த வேண்டும். அம்மாவின் இரட்டைத் தையல் அந்தக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. கயிறு அசையவில்லை. காலணியின் குதிப்பகுதியை உள்ளே மடக்கினால் ஒரு மூலை விழும். அந்த மூலையில், கொஞ்சம் சாய்வாக, கயிற்றில் ஊசி படாமல், கையால்தான் தைக்க வேண்டும். அன்று மாலை உட்கார்ந்து பிரித்தார். சாட்டின் ஒரு இழைகூடக் கிழியவில்லை. கொக்கு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மா தப்பாத் தச்சதை முதல்முறையாப் பாக்கறேன்."

"நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர். "வெளிய சொன்னா ஊசி என் மேல ஏறும்."

அடுத்த ஜோடி வந்தபோது கொக்கு அதைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தாள். படியில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"அடிப்பாவி, புதுசுடி!"

"மேடையில டக்குடக்குன்னு கேட்டா அசிங்கம்மா. இது பழகணும்."

"சத்தம் வந்தா நாங்க ஆயில் போடுவோம்" என்றார் அப்பா. "நீ படியையே ஒடைக்கறே."

அடித்துப் பழக்கிய காலணி அதிக நாள் தாங்காது. உள்ளே இருக்கும் கெட்டி அட்டை தளர்ந்து, முனை மெத்தென்று ஆகிவிடும். 'செத்துப்போச்சு' என்பார்கள். செத்த காலணியிலிருந்து ரிப்பனைப் பிரித்து, அலசி, இஸ்திரி போட்டு, அடுத்ததில் தைப்பது அம்மாவின் வேலை. அதனால் ஒவ்வொரு காலணியும் எப்படிச் செத்தது என்பது அவர் கையில் படும். கொக்கு வலதுகால்காரி, எப்போதும் வலதுதான் முதலில் சாகும்.

பெரிய பள்ளிக்குத் தேர்வு நடக்கவிருந்த வருடம், ஒரு ஜோடியில் இடது முதலில் செத்தது. கம்பெனிக் கோளாறு என்று நினைத்தார். அடுத்ததிலும் இடதுதான். அதற்கடுத்ததில் வலது அநேகமாகப் புதுசாகவே இருந்தது. பிரித்த ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு குண்டூசியம்மா உட்கார்ந்துவிட்டார்.

மகள் ஐஸ் வாளியில் கால்வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குந்தி, வலது பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரலால் அழுத்தினார். மகளின் கால்விரல்கள் சுருண்டன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் பயிற்சி இருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாருக்கும் இருக்கறது இல்லடி இது."

"தேர்வு முடியட்டும். அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன். இப்பச் சொன்னா லிஸ்ட்லேர்ந்து என்னை எடுத்துருவாங்க. அம்மா, ப்ளீஸ். உனக்குத் தெரியும்ல எனக்கு இது என்னன்னு."

தெரியும். அதுதான் கஷ்டம். சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லாததோடு நிற்காமல், அம்மா வலது காலணியில் குறுக்காக அகலமான எலாஸ்டிக் ஒன்றைக் கூடுதலாக வைத்துத் தைத்தார், பாதத்தை இறுக்கிப் பிடிக்கட்டும் என்று. கணவரிடமும் மூச்சு விடவில்லை.

"என்கிட்ட சொன்னா நான் ஊருக்கே சொல்லிருவேனாம்" என்றார் லிஃப்ட்காரர் என்னிடம். தமாஷாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கருவிப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, "சொல்லியிருப்பேன்" என்றார்.

தேர்வுக்கு முந்தைய வாரம். அச்சக மாடியில் உடை அளவு பார்க்கும் நாள். பாவாடை விளிம்புகளுக்கு ஊசி குத்த டீச்சர் குண்டூசியம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தார். சுவரோரம் அம்மாக்கள், கைப்பிடிக் கம்பியோரம் பிள்ளைகள். பாதி ஊசி குத்திய பாவாடையோடு கொக்கை நடுவில் நிறுத்தி, "ஒருதடவை தேர்வுக்கு ஆடற அந்தப் பகுதியை ஆடிக் காட்டு, பாவாடை எப்படி விழுதுன்னு பாக்கலாம்" என்றார் டீச்சர். அவள் ஆடினாள். எல்லாரும் பாவாடையைப் பார்த்தார்கள். முழங்காலிட்டிருந்த அம்மா மட்டும் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் மகள் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொள்வதைப் பார்த்தார். கன்னத்தில் ஒரு குழி விழுந்து விழுந்து மறைந்தது.

"இன்னொரு தடவை" என்றார் டீச்சர்.

குண்டூசியம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்தினார். எழுந்து நின்றார்.

"வேணாம் டீச்சர். இவளுக்கு வலதுகால்ல வலி. ரொம்ப நாளா. மறைச்சுட்டிருக்கா. நானும் மறைச்சேன்."

பியானோ வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். எல்லாத் தலைகளும் கொக்கின் பக்கம் திரும்பின.

"இல்ல டீச்சர்" என்றாள் அவள். குரல் சாதாரணமாக இருந்ததாம். "அம்மாவுக்குப் பயம். நான் போறது அவங்களுக்குப் பிடிக்கலை."

"உட்காரு, காலைப் பாக்கலாம்" என்றார் டீச்சர்.

அவள் உட்காரவில்லை. "பாருங்க" என்று சொல்லி, வலதுகால் நுனியில் எழுந்தாள். அப்படியே நின்றாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு. பிறகு தாவினாள். அதே காலில் இறங்கினாள்.

"எலும்பு ஒடஞ்சா பெருசாச் சத்தம் வரும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் குண்டூசியம்மா. "நூலைப் பல்லால கடிச்சா வருமே, அவ்வளவுதான் வந்துச்சு."

விழுந்தது ஊசி குத்திய பாவாடையின்மேல். மகள் புரள, ஊசிகள் உடம்பில் ஏறிவிடுமே என்று அம்மா பாய்ந்து பாவாடையைப் பிடித்து ஊசிகளை உருவத் தொடங்கினார். காலைப் பிடிக்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. மகள் அலற, அம்மா ஊசி உருவிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றவர்கள் கண்ணில் பட்டது அந்தக் காட்சிதான். அதுதான் படிக்கட்டில் இறங்கி, தெருவில் நடந்து, மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எலும்பு கூடியது. நடக்கலாம், ஓடலாம், ஆடக்கூட ஆடலாம். ஆனால் நாள் முழுக்க விரல் நுனியில் நிற்கிற வாழ்க்கை இனி அந்தக் காலுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொக்கு சண்டை போடவில்லை, பொருளைத் தூக்கி எறியவில்லை. கட்டு பிரித்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

 அதற்கான பதிலை அம்மா இப்போதுதான் என்னிடம் சொன்னார். "டீச்சர்கிட்ட தனியாச் சொன்னா, அவங்களும் தேர்வு முடியட்டும்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். நானே அப்படித்தானே இருந்தேன்? எல்லார் காதுலயும் விழுந்துட்டா, யாரும் திரும்ப எடுக்க முடியாது பாருங்க. அதைத்தான் யோசிச்சேன். அத்தனை பேர் முன்னாடி, தான் சொன்னதை அவளும் திரும்ப எடுக்க முடியாதுன்னு யோசிக்கலை."

படிப்பு முடிந்ததும் கொக்கு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு பாலே சொல்லிக்கொடுக்கிறாள். அப்பாவிடம் வாரம் தவறாமல் பேசுவாள். "அம்மா பக்கத்துலதான் இருக்கா, குடுக்கட்டுமா?" என்று அவர் கேட்டால், "கிளாஸுக்கு நேரமாச்சுப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸுக்கு நேரமாகிவிடும்.

அம்மாவும் கூப்பிடுவார். நான் ஒருநாள் கடையில் இருந்தபோது, மாலையில், போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. போனை வைத்துவிட்டுத் துணியை எடுத்தார்.

"இந்நேரம் கிளாஸ்ல இருப்பாளே" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "கிளாஸ்ல இருந்தா எடுக்க முடியாது. அது வேற. சும்மா இருக்கும்போது கூப்பிட்டு எடுக்கலைன்னா, அது வேற."

அன்று வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் பாதங்களை அழுத்திப் பார்த்தேன். சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எதற்குச் சிணுங்கினாள் என்ற கவலை ஒரு வாரம் ஓடியது.

போன வாரம் ஒரு மதியம். நான் மரப்பெட்டியின்மேல் நிற்கிறேன். குண்டூசியம்மா வாய் நிறைய ஊசியோடு என் கால்சட்டை விளிம்பில் இருக்கிறார். லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"கொக்கு பேசினா, இப்பத்தான்."

புருவம் கேட்டது: என்ன?

"அவகிட்ட படிக்கற ஒரு பொண்ணுக்கு முதல் பாயிண்ட் ஷூ வந்திருக்காம். அந்தப் பொண்ணோட அம்மா மெஷின்ல போட்டுத் தச்சுட்டாங்களாம். கயிறோட சேர்த்து."

ஊசி குத்திய கை நின்றது.

"சொல்லிட்டுச் சிரிச்சா. 'அம்மா பண்ண அதே தப்புப்பா'ன்னா."

குண்டூசியம்மா ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். "சிரிச்சாளா?"

"சிரிச்சா. சாட்டின் கிழியாம அம்மா எப்படிப் பிரிச்சாங்க, ஞாபகம் இருக்கான்னு என்னைக் கேக்கறா. என்னை! எனக்கு ஊசியில எது தலை எது வால்னே தெரியாது. உங்கம்மாவையே கேளுன்னேன்."

"என்ன சொன்னா?"

அவர் கருவிப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "ஒண்ணும் சொல்லலை. கொஞ்சநேரம் லைன்ல இருந்தா. அப்புறம் வச்சுட்டா."

"வேணாம்னு சொன்னாளா?"

"சொல்லலை."

"கேக்கறேன்னாளா?"

"அதுவும் சொல்லலை. இந்தா, எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் நிக்குதுன்னு போன் மேல போன். நான் போறேன். நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது."

அவர் போய்விட்டார். சாப்பிடாமலே போனார் என்பதை இருவருமே பிறகுதான் கவனித்தோம்.

குண்டூசியம்மா தரையில் உட்கார்ந்தபடியே பேசத் தொடங்கினார், எனக்குச் சொல்கிறமாதிரி. "மேல்பக்கம் கையே வைக்கக்கூடாது. உள்பக்கம் திருப்பிக்கணும். அடிநூலை இடம் விட்டு இடம் விட்டு வெட்டணும், பிளேடால இல்ல, சின்ன கத்தரிக்கோலால. அப்புறம் மேல்நூல் தானா வரும். இழுக்கக்கூடாது. வரும்வரைக்கும் விடணும். சாட்டின்ல ஓட்டை தெரியும், ஒண்ணும் செய்ய முடியாது. நீராவி காட்டி நகத்தால தேய்ச்சா கொஞ்சம் மூடும். முழுசா மூடாது." சொல்லி நிறுத்தினார். "இவ்வளவுதானே? இதைச் சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா?"

"ஆகாது."

"அவர்கிட்ட சொல்லி அனுப்பிடலாம். அவர் மாத்திச் சொல்லி அந்தப் பொண்ணு ஷூ கிழிஞ்சுடும்." சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப அவளுக்குச் சாப்பாட்டு நேரம். கண்ணாடிக் கடையில அந்த நேரம் யாரும் வரமாட்டாங்களாம். சும்மாதான் உட்கார்ந்திருப்பாளாம்."

 என் ஒரு காலில் விளிம்பு மடித்தாயிற்று, மறு கால் தரையில் புரள்கிறது. இறங்கலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

கையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகச் சட்டைக் கையில் குத்தினார். கடைசி ஊசி சரியாக ஏறவில்லை. பிடுங்கி மறுபடி குத்தினார். மேசைமேலிருந்து போனை எடுத்தார். அழுத்தினார். காதில் வைக்காமல், மணிச்சத்தம் வெளியே கேட்கும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அடித்தது. அவர் உதடுகள் அசைந்தன: உள்பக்கம் திருப்பிக்கணும், அடிநூலை வெட்டணும். மீண்டும் அடித்தது. மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக அடுக்கிய ஒரு கடையில், ஆளில்லாத மதியத்தில், போன் திரையில் அம்மாவின் பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவதை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடித்துக்கொண்டிருந்தது.